ஏசி பராமரிப்பு: எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, ஏசி ஓடிக்கொண்டே இருந்தும் அறை புழுங்கியது. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், சுவரில் மாட்டியிருக்கும் யூனிட்டின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முன்மூடியைத் தூக்கினால் உள்ளே 'காயில்' என்கிற, கேஸ் ஓடும் குழாய் அடுக்கு முழுக்க ஐஸ். எனக்கு முதலில் தோன்றியதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ஐஸ் கட்டுகிற அளவுக்கு நன்றாகத்தானே குளிர்கிறது, அப்புறம் ஏன் அறை குளிரவில்லை? மறுநாள் வந்த மெக்கானிக் கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு "கேஸ் கம்மி" என்றார், ஏற்றினார், காசை வாங்கிக்கொண்டு போனார். பத்தே நாளில் மறுபடியும் ஐஸ்.

இரண்டாவதாக வந்தவர் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஃபில்டரை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் மறுபக்கம் வரவே இல்லை, கம்பளித் துணி மாதிரி தூசி அப்பியிருந்தது. "இதுக்குள்ள எப்படி சார் காத்து போகும்?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். முதல் ஆள் தேவையில்லாமல் ஏற்றிவிட்டுப் போன கேஸை வெளியே எடுக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

தூசி அடைத்தால் ஏன் ஐஸ் கட்டுகிறது, அதைப் பார்த்தவர் ஏன் கேஸ் குறைவு என்று ஏமாந்தார், இந்த இரண்டும் புரிந்துவிட்டால் ஏசி பராமரிப்பில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். அதனால் கொஞ்சம் பொறுமையாக அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. கையில் கொஞ்சம் ஸ்பிரிட் தடவினால் அது ஆவியாகும்போது ஜில்லென்று இருக்கும் இல்லையா, திரவம் ஆவியாக வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும், அதே சங்கதிதான் இங்கேயும். குழாய்க்குள் ஓடும் கேஸ் மிகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கக்கூடியது. இப்போது பல புது ஏசிகளில் இருக்கும் ஆர்-32 சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்யூனிட்டின் காயிலில் அழுத்தத்தைக் கணக்காக வைத்து அதைச் சுமார் 5 முதல் 10 டிகிரியில் கொதிக்க விடுகிறார்கள். அறைக் காற்று அந்தக் காயிலைத் தொட்டுக்கொண்டு போகும்போது தன் சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. ஆவியான கேஸைக் கம்ப்ரஸர் அழுத்திச் சூடேற்றி வெளியூனிட்டுக்குத் தள்ள, அங்கே இருக்கும் ஃபேன் அந்தச் சூட்டை ஊதி விரட்ட, கேஸ் மறுபடி திரவமாகி உள்ளே வருகிறது. இப்படியே சுற்று.

இப்போது ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். காயிலுக்கு வரும் காற்று குறைகிறது, அதாவது வரும் சூடு குறைகிறது. கொதிக்கப் போதுமான சூடு இல்லாததால் உள்ளே அழுத்தம் இறங்கும், அழுத்தம் இறங்கினால் காயிலின் குளிர்ச்சி இன்னும் கூடும், அப்படியே போய்ப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் தண்ணீராக வடிவதற்குப் பதில் ஐஸாகப் படிகிறது. அந்த ஐஸே மிச்சமிருக்கும் காற்று வழியையும் அடைக்கிறது, காற்று இன்னும் குறைகிறது, ஐஸ் இன்னும் கூடுகிறது. மீட்டரை மாட்டிப் பார்த்தால் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும், கேஸ் நிஜமாகவே குறைந்தாலும் அதே மாதிரிதான் காட்டும். முதல் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, மீட்டரை மட்டும் பார்த்தார். (எனக்கு அவர் மேல் கோபம் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.)

கம்ப்ரஸருக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது ஆவியை அழுத்தத்தான் செய்யப்பட்டது. காயிலில் முழுசாகக் கொதிக்காத திரவம் அப்படியே அதற்குள் போனால், திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, உள்ளே இருக்கும் பாகங்கள்தான் அடிவாங்கும். ஏசியிலேயே விலை அதிகமான உறுப்பு அதுதான். ஆகவே ஐஸைப் பார்த்தால் முதலில் குளிர்விப்பதை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனில் ஓட விடுங்கள், கீழே ஒரு பழைய துண்டை விரியுங்கள், உருகி முடிய சில மணி நேரம் ஆகலாம். கத்தி, ஸ்குரூடிரைவர் எதையும் வைத்துச் சுரண்ட வேண்டாம், குழாயில் ஒரு கீறல் விழுந்தால் கதை வேறு மாதிரி போய்விடும்.

சரி, ஃபில்டர். சுவரில் மாட்டும் வகையில் முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினால் வலை மாதிரி இரண்டு தட்டுகள் இருக்கும், கொஞ்சம் மேலே நெம்பிக் கீழே இழுத்தால் வந்துவிடும். சில மாடல்களில் மேலிருந்து உருவ வேண்டும். கழுவும்போது பெரும்பாலோர் தூசி படிந்த பக்கத்தில் நேரடியாகத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள், அது தூசியை வலைக்கண்ணுக்குள் இன்னும் நன்றாகத் திணிக்கிற வேலை. திருப்பிப் பிடியுங்கள். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் தூசி வந்த வழியிலேயே பாய்போலச் சுருண்டு விழும், பார்க்கவே ஒரு திருப்தி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போதும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். அப்புறம் நிழலில் காயவைத்து, முழுசாக ஈரம் போன பிறகு மாட்டுங்கள். காயும்வரை பொறுக்க முடியாமல் ஃபில்டர் இல்லாமலே ஏசியைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபில்டர் என்பது உங்கள் மூக்குக்கு மட்டும் அல்ல, முக்கியமாகக் காயிலுக்கான காவல். அது இல்லாமல் போகிற தூசி நேராக ஈரக் காயிலில் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து அதை எடுப்பது ஃபில்டர் கழுவுவது மாதிரி சுலபமில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தினமும் ஓடும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்பேன். நாய், பூனை இருந்தால், பக்கத்தில் கட்டட வேலை நடந்தால், அதற்கு முன்னாலேயே. நாளைக் கணக்குப் பார்ப்பதைவிட அந்த இரண்டாவது மெக்கானிக் செய்ததையே செய்யலாம், எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், மறுபக்கம் மங்கினால் கழுவுங்கள். இதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது. அடைத்துப்போன ஃபில்டருக்குப் பதில் சுத்தமான ஃபில்டர் போட்டாலே ஏசி இழுக்கும் மின்சாரம் 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. பெரிய வலைக்குப் பின்னால் குட்டியாகக் கரி ஃபில்டர், வாசனை ஃபில்டர் என்று ஏதாவது சொருகியிருந்தால் அதைத் தண்ணீரில் போடுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள், சிலவற்றைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வீடு முழுக்க ஒரே இயந்திரம், கூரைக்குள் காற்றுக் குழாய்கள் என்று இருக்கும் சென்ட்ரல் வகையில் ஃபில்டர் பெரும்பாலும் அட்டைச் சட்டம் போட்ட மடிப்பு ஃபில்டர். அதைக் கழுவ முடியாது, தடிமனைப் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றுவார்கள். சட்டத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது இயந்திரத்தை நோக்கி. மெர்வ் என்று ஓர் எண்ணும் இருக்கும், எண் கூடக்கூட நுண்ணிய தூசியையும் பிடிக்கும். அதற்காகக் கடையில் இருப்பதிலேயே பெரிய எண்ணை வாங்கி மாட்டாதீர்கள். நுண்ணிய வலை என்றால் காற்றுக்குத் தடையும் அதிகம், காற்றைத் தள்ளும் ஃபேனான ப்ளோயருக்கு அந்தத் தடையைத் தாண்டித் தள்ளும் சக்தி இல்லையென்றால் புது ஃபில்டரே அடைத்த ஃபில்டர் மாதிரி நடந்துகொள்ளும். வீடுகளில் பொதுவாக 8-லிருந்து 13 வரை போடுகிறார்கள், இயந்திரத்தின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே கடைசி வார்த்தை.

ஃபில்டரை எடுத்த கையோடு டார்ச் அடித்துக் காயிலையும் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும். அதன்மேல் மெலிதாகத் தூசி இருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய மிருதுவான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் தட்டிவிடலாம். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும், விரலை வைத்துத் தேய்த்தால் விரல் அறுபடும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். கீழே காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்தால் நீள உருளை ஒன்று தெரியும், அதுதான் ப்ளோயர். அதன் குட்டிக் குட்டி இறக்கைகளின் விளிம்பில் கறுப்பாகப் பிசுபிசுவென்று படிந்திருந்தால் அது தூசியும் பூஞ்சையும் சேர்ந்த கலவை. ஏசி போட்டவுடன் வரும் அந்த ஈரத்துணி நாற்றத்துக்கு முக்கால்வாசி காரணம் அதுவாகத்தான் இருக்கும், ஃபில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காற்று மட்டும் சோர்ந்து வருவதற்கும் அதுவே காரணம். இதை நீங்களே சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள். கீழே பை கட்டி, மின் பலகையை மூடி, தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டிய வேலை அது, வருஷாந்திர சர்வீஸுக்கு வருபவர் செய்யட்டும். செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபில்டரை மட்டும் கழுவி, முன்மூடியைத் துடைத்துவிட்டு சர்வீஸ் முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் உண்டு.

பூஞ்சை வராமல் தடுக்க ஒரு சின்னப் பழக்கம் இருக்கிறது. அணைப்பதற்கு முன் இருபது, முப்பது நிமிஷம் வெறும் ஃபேன் மோடில் ஓட விடுங்கள், காயில் காய்ந்துவிடும். பல புது மாடல்களில் இதைத் தானாகவே செய்ய ஒரு பட்டன் இருக்கிறது. 'செல்ஃப் க்ளீன்' என்று வருவது இன்னொரு தந்திரம், காயிலில் வேண்டுமென்றே ஐஸ் கட்ட வைத்து, பிறகு உருக்கி, அந்தத் தண்ணீரோடு தூசியைக் கழுவி விடும். நல்லதுதான், ஆனால் அது ப்ளோயரைக் கழுவாது, ஃபில்டரையும் கழுவாது, பெயரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக்கூடாது.

அடுத்தது தண்ணீர். ஏசிக்கும் ஈரத்துக்கும் ரொம்பப் பழைய தொடர்பு. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் இந்த மாதிரி இயந்திரத்தை வடிவமைத்தபோது, அங்கே பிரச்சினை புழுக்கத்தில் தவித்த மனிதர்கள் இல்லை, காகிதம். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அது விரிந்து சுருங்கியதில் ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. காற்றிலிருந்து தண்ணீரை எடுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. இன்றைக்கும் உங்கள் ஏசி செய்யும் வேலையில் ஒரு பெரிய பங்கு இதுதான், ஈரப்பதம் அதிகமான நாளில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர், அதற்கு மேலேயும் தண்ணீர் பிடிக்கும். அது காயிலிலிருந்து வடிந்து கீழே இருக்கும் தட்டில் விழுந்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக வெளியே போகிறது. ஃபில்டரில் தப்பிய தூசியும் அதோடு போகிறது, போகிற வழியில் குழாய்க்குள் ஜெல்லி மாதிரி ஒரு வழுவழுப்பு வளர்கிறது. கருஞ்சாம்பல் நிறத்தில், இழுத்தால் துண்டு துண்டாக வரும். அது குழாயை அடைத்த அன்று தட்டு நிரம்பி, தண்ணீர் சுவர் வழியாகக் கட்டில் மேல் இறங்கும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வெளியே போய்க் குழாய் முனையைப் பார்த்தாலே போதும். புழுக்கமான நாளில் ஒரு மணி நேரம் ஏசி ஓடியும் அங்கே ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். முனையை வாளித் தண்ணீருக்குள் மூழ்க விட்டிருந்தால் வெளியே எடுங்கள், வெறும் சரிவை நம்பி இறங்கும் தண்ணீருக்கு அந்தத் தடையே போதும் பின்வாங்க. குழாய் நடுவில் தொய்ந்து கிடந்தால் அந்தப் பள்ளத்தில்தான் ஜெல்லி முதலில் கூடு கட்டும், தொடர்ந்து சரிவாக இருக்கும்படி இழுத்துக் கட்டுங்கள். பூச்சிகள் மண்கூடு கட்டி அடைப்பதும் உண்டு. அடைத்துவிட்டால், ஈரத்தையும் உறிஞ்சும் வகை வேக்குவம் க்ளீனர் இருந்தால் வெளிமுனையில் வைத்துச் சுற்றிலும் துணியால் அடைத்து ஒரு நிமிஷம் உறிஞ்சுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். வாயை வைத்து ஊதுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, அழுக்கு திரும்ப உள்தட்டுக்கே போகும் என்பதோடு அந்த ஜெல்லி எதனால் ஆனது என்று யோசித்துப் பார்த்தால் நீங்களே ஊத மாட்டீர்கள். அடைப்பு எடுத்தபின் தட்டில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி ஓட விடலாம். ப்ளீச்சிங் திரவம் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும்.

உள்யூனிட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசிகூட வெளியூனிட்டுக்குக் கிடைப்பதில்லை. அறையிலிருந்து எடுத்த சூடு எல்லாம், கம்ப்ரஸர் இழுத்த மின்சாரம் உண்டாக்கிய சூட்டோடு சேர்ந்து, அது வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைச் சுற்றிப் பெட்டி கட்டி, அழகான ஜன்னல் தட்டி போட்டு அடைத்துவிடுகிறோம், அல்லது துணி காயப்போடுகிறோம், பழைய அட்டைப் பெட்டிகளைச் சாய்த்து வைக்கிறோம். ஊதிய சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும், அழுத்தம் ஏறும், மின்சாரம் ஏறும், கடும் வெயிலில் தானாகவே நின்றும் போகும். சுற்றிலும் இரண்டடி இடம் விடுவது நல்ல கணக்கு, காற்று வெளியே தள்ளும் பக்கம் இன்னும் தாராளமாக இருக்கட்டும். சிலர் வெயில் படக்கூடாது என்று மேலே கூரை போடுகிறார்கள். நிழல் தவறில்லை, ஆனால் நிழலுக்காகக் காற்றை மறித்தால் நஷ்டம் நமக்குத்தான், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் காற்றைத்தான் கேட்பேன்.

வெளியூனிட்டைக் கழுவும்போது பிரேக்கரை அணையுங்கள், ரிமோட்டில் அணைத்தால் மட்டும் போதாது. செடிக்கு ஊற்றும் ஹோஸின் சாதாரண வேகம் போதும், தகடுகளுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், சாய்வாக அடித்தால் மடங்கும். கார் கழுவும் பிரஷர் பம்ப்பை வைத்து ஒரு யூனிட்டின் முதுகை முழுக்கத் தட்டையாக்கியவரை எனக்குத் தெரியும். தகடுகள் சப்பையானால் அந்த இடத்தில் காற்றே போகாது, அப்புறம் தனியாகச் சீப்பு வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்று தகடுகளைத் தின்றுவிடும், அங்கே நல்ல தண்ணீரில் அலசுவதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். ஏசி போடாத மாதங்களில் யூனிட்டை முழுசாகப் பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று துருப்பிடிக்கும், எலிக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரியும் ஆகும், எலி வந்தால் ஒயரைக் கடிக்கும்.

அதன் மூடியைத் திறந்து மின்பகுதிக்குள் கை விடுவது மட்டும் நம் வேலை இல்லை. உள்ளே கெபாசிட்டர் என்று டப்பா மாதிரி ஒன்று இருக்கும், மின்சாரத்தை அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் மின்னைச் சேர்த்து வைத்திருக்கும், தொட்டால் அடிக்கும். ஆனால் வெளியே நின்றே சில விஷயங்களைக் கண்டுபிடிக்கலாம். பழைய, இன்வெர்ட்டர் (கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத ஏசியில் கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று சில நொடி முனகிவிட்டு டக்கென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகினால் பெரும்பாலும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும். அது சின்னச் செலவுதான், ஆனால் அப்படியே விட்டால் கம்ப்ரஸரைச் சாகடிக்கும். பிளக்கோ சுவிட்சோ சூடாகிப் பழுப்பாகியிருந்தால், கருகிய வாசனை வந்தால், அன்றைக்கே நிறுத்துங்கள். அப்புறம், அணைத்த உடனே திரும்பப் போடாதீர்கள், மூன்று நிமிஷமாவது விட வேண்டும். இரு பக்க அழுத்தமும் சமமாகாமல் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். புது மாடல்கள் இந்த இடைவெளியைத் தாங்களே விடும், "ரிமோட் அமுக்கினேன், ஓடவே இல்லை" என்று பதறி நான்கு தடவை அமுக்குகிறவர்கள் கொஞ்சம் காத்திருந்தாலே போதும்.

கேஸ் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் பத்து வருஷம் கழித்தும் சுற்றும். வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லையென்றால் நமக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. ஆகவே "கேஸ் கம்மி" என்று கேட்டவுடன் நீங்கள் கேட்க வேண்டியது "எங்கே லீக்?" என்பதுதான். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் குழாயில் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். வெளியூனிட்டின் பக்கத்தில் செம்புக் குழாய்கள் வந்து மாட்டும் நட்டுகளைப் பாருங்கள், மற்ற இடங்களில் உலர்ந்த தூசி, அங்கே மட்டும் ஈரத்தூசி என்றால் விஷயம் புரிந்துவிடும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். ஓட்டையை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும் எடைக்கு ஏற்பத் தராசில் வைத்துக் கேஸை ஏற்றுவதுதான் முறையான வேலை. சிலிண்டரை மாட்டிக் குத்துமதிப்பாக ஏற்றிவிட்டுப் போவது முறையான வேலை இல்லை.

தகட்டில் கேஸின் பெயரும் இருக்கும். ஆர்-22 என்றிருந்தால் ரொம்பப் பழைய ஏசி. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகம் முழுக்க அதைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். அதில் பெரிய கசிவு வந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்று யோசிக்க வேண்டும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே பற்றும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இதில் சொந்தமாகக் கைவைத்துப் பழகலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம்.

குளிர்காலத்தில் அதே யூனிட்டைச் சூட்டுக்கும் பயன்படுத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். ஹீட் பம்ப் வகையில் ஒரு வால்வு கேஸ் ஓடும் திசையைத் திருப்பிவிடும், உள்காயில் சூடாகும், வெளிக்காயில் குளிரும். வெளியே மூன்று, நான்கு டிகிரி இருந்தாலும் அந்தக் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுவதால் உறைபனி படிவது சகஜம். முதலில் நான் சொன்ன ஐஸ் கோளாறு, இந்த ஐஸ் கோளாறு இல்லை. யூனிட்டே அவ்வப்போது சில நிமிஷம் திசையைத் திருப்பி அதை உருக்கும். அப்போது உள்ளே சூடான காற்று வருவது நின்றுபோகும், உஸ்ஸென்று சத்தம் வரும், வெளியூனிட்டிலிருந்து புகை மாதிரி எழும். அது நீராவி, தீயணைப்புக்குப் போன் செய்ய வேண்டாம். ஆனால் மணிக்கணக்கில் யூனிட் முழுக்க ஐஸ் பாளமாகவே நின்றால் உருக்கும் அமைப்பில் கோளாறு, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். உருகிய தண்ணீர் வடிய யூனிட் தரையிலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும், பனி பொழியும் இடமென்றால் சுற்றியும் மேலேயும் அள்ளிவிட வேண்டும். ஃபில்டர் கழுவுவது இந்தப் பருவத்திலும் உண்டு, சூட்டு மோடில் காற்று குறைந்தால் அழுத்தம் எகிறி யூனிட் நின்றுவிடும்.

எரிவாயுவில் ஓடும் சூடாக்கியாக இருந்தால் அது வேறு ஜாதி. ஃபில்டரைத் தவிர எதையும் நீங்கள் தொட வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை, குளிர் ஆரம்பிப்பதற்கு முன், தகுதியுள்ளவரை வைத்துப் பார்க்க வேண்டும். சுடர் நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளாக ஆடினால் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள், படுக்கையறைக்குப் பக்கத்தில்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், காய்ச்சல் பார்ப்பது இல்லை, அறை வெப்பம் காட்டுவது. சர்வீஸ் முடிந்த மறுநாள் ஏசியை மிகக் குறைந்த வெப்பநிலைக்கு வைத்து, ஃபேனை உச்சத்தில் வைத்து, 15 நிமிஷம் ஓட விட்டு, காற்று உள்ளே இழுக்கும் இடத்தில் ஒருமுறையும் வெளியே வரும் இடத்தில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் பொதுவாக நன்றாக ஓடுகிறது. காற்றில் ஈரம் ரொம்ப அதிகமென்றால் கொஞ்சம் குறைவாகக் காட்டும், ஏனென்றால் சக்தியில் ஒரு பெரிய பங்கு தண்ணீர் எடுப்பதில் போகிறது. இந்தப் பொதுவான எண்ணைவிட முக்கியம், உங்கள் ஏசி காட்டும் வித்தியாசம் எவ்வளவு என்ற எண் உங்களிடம் இருப்பது. நான் அதை மாஸ்கிங் டேப்பில் எழுதி முன்மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் கீழே ஒரு வரி கூடும். போன தடவை 11 இருந்தது 7-க்கு இறங்கியபோது மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் ஃபில்டரை உருவி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது. டார்ச்சை எடுத்து ப்ளோயரைப் பார்த்தேன், கறுத்திருந்தது. வந்தவர் மீட்டரை எடுத்தார். "முதல்ல ப்ளோயரைக் கழுவிடுங்க, அப்புறம் மீட்டரை மாட்டலாம்" என்றேன். கழுவி முடித்து அளந்தபோது 10.5 காட்டியது, மீட்டர் பைக்குள் போய்விட்டது.